கேள்வியோடு நின்ற கிதாபு

பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் எங்கள் பள்ளிவாசலில் கிதாபு வாசிப்பு நடக்கும். எண்ணூறு வருடங்களுக்கு முன்னால் வாழ்ந்த ஓர் அறிஞர் மார்க்க விவாதங்களைப் பற்றி அரபியில் எழுதிய நூல்கள். தொழவைக்கும் அஜ்ரத் ஒரு வரி வாசிப்பார், தமிழில் பொருள் சொல்வார். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை முடிந்து, கையைத் தேய்த்துக் கழுவியும் சுண்ணாம்பு வாடை போகாமல் என்னைப் பெற்ற அத்தா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். கல்லூரி விட்டு வந்து நானும் உட்காருவேன்.

அந்த அறிஞருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எதிராளியின் கேள்வியைத் தானே முதலில் எழுதிவிடுவார். அரைகுறையாக அல்ல, கேட்கிறவன் ‘சரிதானே’ என்று தலையாட்டுகிற மாதிரி. பிறகுதான் பதிலுக்கு வருவார்.

அன்று வந்த கேள்வி இது. நடப்பதெல்லாம் இறைவனால் முன்பே எழுதப்பட்டாயிற்று என்றால், கையேந்தி அவனிடம் துஆ கேட்பது எதற்கு? எழுதியது மாறாது என்றால் கேட்டுப் பயனில்லை. மாறும் என்றால் எழுதியதற்கே அர்த்தமில்லை.

“பதில் நாளைக்கு” என்று அஜ்ரத் கிதாபை மூடினார். மறுநாள் காலை அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. மகன்கள் வந்து அவரைத் தஞ்சாவூர்ப் பக்கம் சொந்த ஊருக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

அதே வாரம்தான் அம்மாவுக்குக் கால்கள் வீங்கி, மூச்சு முட்டி, பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். அத்தா ஒருவேளைத் தொழுகையையும் விடவில்லை. ஆனால் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் எழுந்துவிடுவார். கையேந்தவே இல்லை.

“ஏன்த்தா துஆ கேக்க மாட்டேங்கிறீங்க?”

“எழுதியாச்சுன்னா கேட்டு என்னப்பு செய்ய? அதுக்குப் பதில் இருக்குன்னு அஜ்ரத் சொன்னாருல்ல, அது தெரியட்டும்.”

பக்கத்துப் பள்ளிவாசல் அஜ்ரத்திடம் ஓடினேன். “அந்தக் கிதாபெல்லாம் நான் ஓதுனதில்ல தம்பி. கேள்விய விட்டுட்டு துஆ கேக்கச் சொல்லு” என்றார். அதை அப்படியே சொன்னேன். “இதுவா பதிலு?” என்றார் அத்தா. “கிதாபு இங்கனதான இருக்கு? காலேஜுக்குப் போறவன்தான நீ? பாத்துச் சொல்லு.”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான் ஒருவன்தான். படித்தவனுக்கு எல்லா எழுத்தும் தெரியும் என்று அத்தா நம்பியிருந்தார்.

எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அஜ்ரத் அடையாளத்துக்கு வைத்த காகிதத் துண்டு அப்படியே இருந்தது. அத்தா தொப்பியைச் சரிசெய்துகொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

“வாசி.”

குர்ஆனில் எழுத்துக்கு மேலும் கீழும் உச்சரிப்பைக் காட்டும் குறிகள் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, பொருள் தெரியாமலே சத்தமாக ஓதத்தான் நாங்கள் பழகியிருந்தோம். இந்தப் பக்கத்தில் ஒரு குறிகூட இல்லை. மொட்டை எழுத்துகள். அல்லாஹ் என்கிற சொல் மட்டும் அங்கங்கே தெரிந்தது.

“தெரியலத்தா.”

“மெதுவா வாசி. அவசரமில்ல.”

“குறி இல்லத்தா. சத்தமே வராது.”

“இம்புட்டுப் படிக்கவச்சும் இதுதானா பாய்?” என்று மோதினார் சிரித்தார். அத்தா சிரிக்கவில்லை.

“பதிலு இதுலதான இருக்கு?”

“இருக்கணும்த்தா.”

“எந்த எடம்?”

விரலைக் கீழ்வரிகளில் வைத்தேன். அதுதான் இடம் என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. அந்த வரிகளை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு புத்தகத்தை வாங்கி, கண்ணில் ஒற்றி, மோதினாரிடம் கொடுத்தார். கை இரண்டையும் மடிமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். அம்மா மெல்லக் கேட்டாள்.

“ஒங்கத்தா எனக்கு துஆ கேட்டாரா?”

“கிதாபப் பாத்துட்டுக் கேக்குறேன்னாரும்மா.”

“பாத்தீகளா?”

“பாத்தோம்.”

“என்ன போட்டிருக்கு?”

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன்.

“அரபியில போட்டிருக்கும்மா.”

“அது எனக்கே தெரியும்டா” என்று சொல்லி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.