கரண்ட் போன நேரத்துப் பச்சை வெளிச்சம்

பேய் பிசாசில் எனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. நாவலப்பிட்டி முச்சந்தியில் யாரோ பேய்க்குக் கழித்துப் போட்ட தேசிக்காயைப் பொறுக்கி வந்து, பிழிந்து சீனி போட்டுக் கரைத்துக் குடித்த ஆள் நான். அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டாலும் கோபிக்க மாட்டேன், எனக்கே நம்பப் பிடிக்கவில்லை.

கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் நானும் திகனயைச் சேர்ந்த பஸ்ரினாவும் ஒன்றாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தோம். எங்கள் வேலையே ஒரு வெள்ளைப் பொடிதான். புளோரைட்டுப் பொருள் ஒன்றுக்குள் எர்பியம், யிட்டர்பியம் என்ற அருமண் மூலகங்களைக் கொஞ்சமாகக் கலந்து, சூடாக்கி, கழுவி, காயவைத்து எடுப்போம். பார்க்கக் கோதுமை மா மாதிரித்தான் இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத லேசர் கதிரை அதன்மேல் அடித்தால் பச்சையாக ஒளிரும், லேசரை நிறுத்தினால் உடனே அணைந்துவிடும். அந்தக் கதிர் பொல்லாதது, நோகாமலே கண்ணைச் சுட்டுவிடும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சாவியை உருவிவிட்டால் லேசர் எரியாது, அதை உருவிக் கழுத்தில் மாட்டிக்கொண்டவள் சொன்ன பிறகுதான் மற்றவள் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றலாம்.

அன்று பகல் நல்ல மழை. கண்டியில் மழை பிடித்தால் முதலில் போவது கரண்ட்தானே, அன்றும் போனது. ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்த அறை, கும்மிருட்டு. நான் தடவிப் போய்ச் சாவியை உருவிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "கழட்டு புள்ள" என்றேன். அவளும் கழற்றினாள்.

பொடி ஒளிர்ந்தது. கரண்ட் இல்லை, சாவி என் நெஞ்சில் தொங்குகிறது, பொடி மட்டும் பச்சையாக ஒளிர்கிறது.

"அல்லாவே, இது எப்பிடி மின்னிட்டு ஈக்கி?" என்று பஸ்ரினா குனிந்தாள்.

'கிட்ட போகாத' என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை, காலும் எழும்பவில்லை. நம்பினால் நம்புங்கள், அவள் ஆசை ஆசையாக அதைப் பார்த்துக்கொண்டே இருக்க, நான் மரம் மாதிரி நின்றேன். கரண்ட் வந்ததும்தான் பொடி அணைந்தது.

மறுநாள் அவளுடைய வலது கண்ணின் நடுவில் ஒன்றுமே தெரியவில்லை. லேசர் சுட்ட காயம், இனி ஆறாது என்றார் டொக்டர். விசாரணை வைத்தார்கள். கரண்ட் இருக்கவில்லை என்று தலைபாடாக அடித்துச் சொன்னேன். "சாவி உங்கள்ட்டதானே இருந்தது?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஆமாம், என்னிடம்தான் இருந்தது.

போன மாதம் திகனவுக்குப் போனேன். பஸ்ரினாவின் உம்மா தேத்தண்ணி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போனார். அதைத் தாங்க முடியாமல் அழுதுவிட்டேன். பஸ்ரினா நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, சுட்டுப்போன கண்ணால் என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணால் யாரைப் பார்த்தாலும் முகம் இருக்கிற இடம்தான் தெரியாமல் போகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"ஒன்ட மொகம் மட்டும்தான்டி தெரியிது, பச்சையா" என்றாள்.

நான் அழுதுகொண்டுதான் இருந்தேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"ஏன்டி சிரிக்கிற?"