ரெக்ஸின் சீட்

ஆம்பூரில் எங்கள் டீக்கடைக் கூட்டத்துக்கு ஒரு தோல் புரோக்கர்தான் தலைவர். நெடு நெடு உயரம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. எதைக் கண்டாலும் இரண்டு விரலால் கிள்ளிக் கனம் பார்ப்பார். என் சட்டைக் காலரைக்கூட விட்டதில்லை.

சின்ன கார் ஒன்று சந்தைக்குப் புதிதாக வந்திருந்த நேரம். சிவப்பா வெள்ளையா, ஏசி வேண்டுமா வேண்டாமா என்று தினமும் அடித்துக்கொள்வோம். ஷூ தைக்கும் யூனிட் வைத்திருந்த நான், ஏசியோடு சிவப்புக் காருக்குப் பணம் கட்டிப் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். வேலூரில் யாருடைய காரையோ பார்த்துவிட்டு வந்த புரோக்கர் முகத்தைச் சுளித்தார்.

"தகரம் கனம் ரொம்ப கம்மி தோஸ்த். அது கெடக்கட்டும், சீட்டு ரெக்ஸின், டூப்ளிகேட் தோலு! தோல் வித்து சோறு துன்றவன் ரெக்ஸின்ல உக்காரலாமா?"

கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. மறுநாளே பதிவை ரத்து செய்தேன்.

சில மாதம் கழித்து மேல்விஷாரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஒரு சின்ன கார் பக்கத்தில் வந்து நின்றது. நான் கேட்டிருந்த அதே சிவப்பு. கண்ணாடி இறங்கியதும் ஏசிக் குளிரோடு புரோக்கர் முகம். அப்படியென்றால், எங்களுக்கு உபதேசம் செய்த நாளிலேயே தனக்கும் ஒன்று பதிந்து வைத்திருக்க வேண்டும்!

"இன்னாண்ணே இது? ரெக்ஸின் சீட்டாச்சே!"

சீட்டின் மேல் இன்னும் பிரிக்காமலிருந்த பிளாஸ்டிக் உறையை அவர் கிள்ளிக் காட்டினார்.

"நான் எங்க ரெக்ஸின்ல உக்காந்தேன்? கவர் மேல இல்ல உக்காந்துக்கினு இருக்கேன்!"

சிரிக்கவே இல்லை. ஏறு என்றும் சொல்லவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், எனக்குக் கீழே இருந்ததும் ரெக்ஸின்தான். கிழிந்த ரெக்ஸின்.