தமிழ் படிக்கக் கேட்ட ஆங்கிலம்

"தமிழ் படிக்கிறதுக்கும் இங்கிலீசு பாஸ் பண்ணியிருக்கவேணுமாம். உனக்கு அது ஏலுமே, பிள்ளை?"

கேட்டவர் கிளாக்கர் வீட்டு அம்மா. அவருடைய கணவருக்குக் கடற்படைத் தளத்தில் எழுதுகிற வேலை. அம்மாவின் கையில் சென்னையிலுள்ள ஒரு பெண்கள் கல்லூரி அனுப்பிய விதித்தாள் இருந்தது. அங்கே இரண்டு வருஷம் தமிழ் படித்தால் தமிழாசிரியையாகத் திரும்பி வரலாம். பதினேழு வயது நிரம்பியிருக்க வேண்டும். சிரேஷ்ட பாடசாலைத் தராதரப் பத்திரம் வேண்டும், அதில் ஆங்கிலமும் சித்தியடைந்திருக்க வேண்டும். தமிழ் படிக்க ஏன் விரும்புகிறீர் என்று சொந்தமாக ஒரு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். கல்லூரி சேர்த்துக்கொண்டதாகக் கடிதம் தந்தால்தான், இந்த யுத்த காலத்தில் மாணவி என்று கடல் கடக்க அனுமதிச் சீட்டுக் கிடைக்கும்.

பத்திரம் என்னிடம் இருந்தது. தமிழில் அதிவிசேட சித்தி. அப்பா கரைவலை இழுப்பவர், பெருவிரல் வைப்பவர். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடும் முதல் ஆள் நான். ஆனால் நான் படித்தது தமிழ்ப் பாடசாலை. அங்கே ஆங்கிலம் பாடமே இல்லை. கல்லூரிக்கு அனுப்ப இருந்தது கிளாக்கரின் மகளை. அவளுக்கு ஆங்கிலம் இருந்தது. தமிழில் அவள் அரும்பொட்டில் தப்பிச் சித்தியடைந்தவள்.

அவள் என் வயதுக்காரி. துறைமுகத்தில் குண்டு விழுந்தபோது இரண்டு குடும்பமும் தோப்பூரில் ஒரே வளவில் ஒதுங்கியிருந்தோம். பழக்கம் அப்படி வந்தது. வழக்கமாக என்னை "நீ" என்பாள். அன்று பின்னேரம் எங்கள் படலைக்கு வந்து "நீர்" என்றாள். ஏதோ வேண்டியிருக்கிறது என்று விளங்கிவிட்டது.

"இந்தக் கட்டுரையை நீர் ஒருக்கா எழுதித் தாரும். நான் பாத்து எழுதிப் போடுறன்."

மறுத்திருக்கலாம். நட்புக்காக எழுதினேன் என்றால் பொய். தமிழ் எழுதுவது என்றால் என்னவென்று அவளுக்குக் காட்ட வேண்டும் என்ற கர்வத்தில் எழுதினேன். வலை இழுப்பவர்கள் பாடும் அம்பா என்ற பாட்டைப் பற்றி எழுதினேன். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, கயிற்றில் நிற்பவர்கள் திருப்பிச் சொல்லி ஓர் எட்டுப் பின்வைப்பார்கள். வலையின் மடி மீனால் கனத்தால் பாட்டு மெதுவாகும். அதைக் காதில் வாங்கியே, பெரிய கூடையை எடுப்பதா சின்னதை எடுப்பதா என்று என் அம்மா வீட்டிலிருந்து தீர்மானிப்பார். இதெல்லாம் ஒரே இருப்பில் எழுதியது.

ஒன்றரை மாதத்தில் அவளுக்குக் கடிதம் வந்தது. சேர்த்துக்கொண்டார்கள். "உமது கட்டுரையை எங்கள் ஆசிரியைகள் கைமாற்றிக் கைமாற்றி வாசித்தார்கள்" என்றிருந்தது. முதல் வாரக் கூட்டத்தில் அவள் அம்பாவைப் பாடிக் காட்ட வேண்டுமாம். கட்டுரையைப் புகழ்ந்த அந்த வரியை அவர்கள் வீட்டு அலுமாரியோரம் நின்று மூன்று தரம் வாசித்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு புது ட்ரங்குப் பெட்டி வந்தது. அனுமதிச் சீட்டுக்கு எடுத்த படம் தெருவெல்லாம் போய்வந்தது. படத்தில் அவள் என்னைவிட வடிவு. அவளுக்குக் காய்ச்சல் வந்து கப்பல் தவறட்டும் என்று ஒருநாள் நினைத்தேன். நினைத்ததற்காக வருந்தவும் இல்லை.

ஒரு காலையில் கொப்பியோடு வந்தாள். "அந்த அம்பாவைச் சொல்லும், எழுதுறன்."

"கரைக்குப் போய்க் கேளுமன்."

"ஐயோ, அந்த மீன் நாத்தத்துக்குள்ளயோ?"

அம்பாவில் இரண்டு வகை உண்டு. பெண்கள் கூடையோடு கரையில் நிற்கும்போது பாடுவது ஒன்று. ஆண்கள் மட்டும் நிற்கும்போது பாடுவது மற்றது. அதில் மச்சாள் வருவாள், சபையில் சொல்லக்கூடாததெல்லாம் வரும். கரையில் வளர்ந்த பெண்களுக்கு இரண்டும் பாடம். இரண்டாவது தெரியாததுபோல் இருப்பது எங்கள் வழக்கம். அவளுக்கு இரண்டாவதைச் சொன்னேன். அந்தச் சொற்கள் பழையவை. தமிழை ஊன்றிப் படித்தவர்களுக்கு முதல் அடியிலேயே விளங்கும். அவளுக்கு விளங்கவில்லை.

ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன?" என்றாள்.

"கடலில ஒரு இடம்."

"நல்ல சொல்" என்று அடிக்கோடிட்டாள்.

இரண்டு நாள் எனக்கு நல்ல பசி. சென்னையில் அந்த மண்டபம் சிரிப்பதையும் இவள் முகம் போகும் போக்கையும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் நினைவு அதற்கு அப்பாலும் ஓடியது. 'எனக்கென்ன தெரியும், வலைகாரர் வீட்டுப் பெட்டை சொல்லித் தந்தது' என்பாள். கரையார் பாட்டென்றால் இதுதான் என்று படித்த பெண்கள் தலையாட்டுவார்கள். சிரிப்பு என் அப்பாவின்மேல் போய் விழும்.

விடிந்ததும் அவள் வீட்டுக்குப் போய்க் கொப்பியை வாங்கி அந்தத் தாளைக் கிழித்தேன்.

"என்ன செய்யிறீர்?"

"இது ஆம்பிளையள் தனிய நிண்டு பாடுறது. கூடாத பாட்டு."

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "நீ வேணுமெண்டே சொன்னனீ. எரிச்சல் பிடிச்சவள்!"

"ஓம், எரிச்சல்தான். அந்தக் கட்டுரை என்ர."

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். தன் அம்மாவுக்குக் கேட்குமோ என்று, சமையல் நடந்த குசினிப் பக்கம் பார்த்தாள். கப்பலுக்கு ஐந்து வாரம் இருந்தது. பாட்டில்லாமல் அவளால் அங்கே போய் நிற்க ஏலாது. நல்ல அம்பாவை ராகத்தோடு சொல்லித் தருகிறேன், கப்பல் ஏறும்வரை தினமும் எனக்கு ஆங்கிலம் சொல்லித் தாரும் என்றேன்.

"அஞ்சு கிழமையில இங்கிலீசு வருமே?" என்று சிரித்தாள்.

"உமக்கு அஞ்சு கிழமையில அம்பா வருமே?"

நாலு கிழமை போய்விட்டது. நான் ஆங்கில இரண்டாம் புத்தகத்தில் நிற்கிறேன். அவள் இன்னும் தாளம் பிந்தித்தான் பாடுகிறாள். அது எனக்குச் சந்தோஷம். அவர்கள் வாசலில் கட்டிவைத்திருக்கும் அந்தப் பெட்டியைக் கண்டால் இப்போதும் வயிறு எரிகிறது. போகும்போது தன்னுடைய ஆங்கிலப் புத்தகங்களை விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.

விதித்தாளை நானே வாங்கி வாசித்தேன். ஆங்கிலம் சித்தியடைந்திருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. மற்றப் பாடங்களோடு முதல் தடவையிலேயே சித்தியடைந்திருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. நேற்று, பாடசாலைக்கு வெளியிலிருந்து தோற்றுபவர்களுக்கான பரீட்சைப் படிவத்தை நிரப்பி, பாடம் என்ற இடத்தில் ஆங்கிலம் என்று மட்டும் எழுதி, பெரிய தபாற்கந்தோரில் பதிவுத் தபாலாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.