மாடியில் ஒரு சாவு

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பு இருக்காது. பக்கத்தில் நின்று பார்த்ததை மட்டுமே எழுதுகிறேன்.

எங்கள் நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர்கள், என் வீட்டு மாடியில் தங்கியிருந்த அமெரிக்க நாவலாசிரியரைப் பற்றி வந்து பேசச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு வாய் உலர்ந்துவிடும். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

நான் பல வருஷம் குவைத்தில் ஒரு வீட்டுக்குக் கார் ஓட்டினேன். இங்கிலீஷ் பேச அங்கேதான் பழகியது. படிக்க வராது. திரும்பி வந்து வாலிகண்டபுரத்தில் மாடி வைத்து வீடு கட்டி, ஒரு கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறேன். திருச்சியில் கல்லூரி ஒன்றில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்தும் ஒருவர் அடிக்கடி என் வண்டியில் வருவார். அவர்தான் போன் செய்தார். "அமெரிக்காவுலேருந்து நாவல் எழுதறவங்க ஒருத்தங்க வராங்க. ரெண்டு மூணு மாசம் தங்கணும். உங்க மாடி சும்மாதானே கெடக்கு?"

வந்தவருக்கு அறுபது தாண்டியிருந்தது. மேடம் என்றுதான் கூப்பிடுவேன். குட்டையாக வெட்டிய நரைமுடி, ஆண்கள் போடுவது போன்ற சட்டை. முதல் நாளே மேசையை ஜன்னலை விட்டுத் தள்ளி, சுவரைப் பார்த்துப் போடச் சொன்னார். வேடிக்கை பார்க்க ஆரம்பித்தால் எழுத்து ஓடாது என்றார். விடிந்ததும் பால் இல்லாத காப்பி ஒன்று. பிறகு வெயில் ஏறும் வரை பென்சிலால் எழுதுவார். எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நடந்தபடி சத்தமாகப் படிப்பார். எதிர்வீட்டு அக்கா என் மனைவியிடம் கேட்டார்: "ஏன்டி, இந்தம்மா தெனமும் போன்ல யாரை இப்படித் திட்டுது?"

மத்தியானத்துக்கு மேல் காரில் கிளம்புவோம். ஒரு நாள் காரை என்கிற ஊர்ப் பக்கம், மழை அரித்த பள்ளங்களுக்கு. சுருண்ட நத்தை மாதிரி கற்கள் அங்கே மண்ணிலிருந்து தலை நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் ஒரு காலத்தில் கடலில் நீந்தியவை. இன்னொரு நாள் அரியலூருக்கு. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் ரோட்டோரம் நிறுத்தச் சொல்லி, தூசியில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். எதையும் எடுத்துக்கொள்ள மாட்டார். அவர் நாவலில் வரும் பெண், கல்லாகிப்போன பிராணிகளைச் சேகரிக்க அரியலூருக்கு வந்து லாட்ஜில் தங்கி, ஊருக்கே திரும்பாமல் இருந்துவிடுகிறவளாம்.

கார் ஓடும்போது எனக்குப் பேச்சு வரும். எதிரே முகம் இருக்காது, ரோடுதான் இருக்கும். அவரும் பேசுவார். அப்பா ஆணியும் பூட்டும் விற்கிற கடை வைத்திருந்தவர். இவர் ஆஸ்பத்திரியில் டைப் அடிக்கிற வேலை பார்த்தார். பிள்ளைகள் எழுந்திருப்பதற்கு முன்னால் சமையலறை மேசையில் உட்கார்ந்து முதல் நாவலை எழுதினார். அது அச்சான வருஷம் கணவர் பிரிந்துபோனார். அதற்குப் பிறகு வந்த புத்தகங்கள் எல்லாவற்றிலும் யாராவது ஒரு பெண் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

சிறுவாச்சூர் தாண்டும்போது ஒரு நாள் சிரிக்காமல் சொன்னார். "இந்த நாவலோடு பல வருஷமாகப் போராடுகிறேன். கடைசிப் பகுதி மட்டும் வரவில்லை. எப்படி எழுதினாலும் பொய்யாக இருக்கிறது. இங்கேயும் வரவில்லை என்றால் இதைத் தூக்கிப் போட்டுவிடுவேன். இனிமேல் எழுதவும் மாட்டேன்." நான் ஏசியைக் கொஞ்சம் குறைத்தேன்.

அதற்கடுத்த வாரம் ஒரு காலையில் காப்பி டம்ளரை எடுக்க மேலே போன என் மனைவி வேகமாக இறங்கி வந்தாள். "ஏங்க, அவங்க மேசையில தலைய கவுத்துக்கிட்டு அழுவுறாங்க. என்னன்னு கேளுங்க." நான் போய் வாசற்படியில் நின்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா இறந்துவிட்டாள். இன்று காலை" என்றார். வருத்தம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். துக்கத்தில் இருக்கிறவரை நோண்டிக் கேட்பது எனக்குப் பழக்கமில்லை. இவருக்கே அறுபதுக்கு மேல், தாய்க்குத் தொண்ணூறாவது இருக்கும், வயதான சாவுதான் என்று என் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

என் மனைவி அடுப்பை அணைத்தாள். "நம்ம வூட்டு மாடியில ஒரு பொம்பள ஒத்தையா ஒக்காந்து அழுவுது. நாம போவலன்னா வேற யாரு போவா?" எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டாள். தெருக்கோடியில் இருக்கும் என் சின்னம்மாவுக்கும் ஆள் போனது. மூன்று பேரும் தலைவாரிப் பூ வைக்காமல், பேசாமல் படியேறினார்கள். துக்க வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று கேட்பதில்லை. அதனால் இவர்களும் கேட்காமலே உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார்கள். மேடம் திகைத்துப் போய், நாற்காலியை விட்டுத் தானும் தரையில் உட்கார்ந்தார். சின்னம்மா அவர் தோளில் கை போட்டு இழுத்து அணைத்து, "பெத்த மகளக் கடல் தாண்டி வுட்டுட்டுப் போயிட்டியே ஆத்தா" என்று குரலெடுத்ததும், மற்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். மேடமும் அழுதார். அவர் ஏன் அழுதார் என்று அப்போது எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அழுகை ஓய்ந்ததும் எங்கள் பக்கத்து வழக்கப்படி விசாரிக்க ஆரம்பித்தார்கள். நான் வாசற்படியில் நின்று தலையைக் குனிந்துகொண்டு தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் மாற்றி மாற்றிச் சொன்னேன்.

"எப்படிம்மா ஆச்சு? படுத்த படுக்கையா?" என்றார் சின்னம்மா.

இல்லை, சமையலறையில் விழுந்துவிட்டாள், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது என்றார் மேடம்.

"பக்கத்துல யாரு இருந்தா?"

யாரும் இல்லை.

"யாருமே இல்லியா? அப்ப கண்ண மூடிவுட்டது யாரு? கடைசியா வாயில என்ன போட்டாங்க? கஞ்சியா, தண்ணியா?"

இதைச் சொன்னதும் மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எனக்குத் தெரியவில்லை" என்றார்.

"தெரியலியா! பெத்தவ கடைசியா என்ன தின்னான்னு கூடக் கேட்டுக்காம இருக்குதே, என்னடி பொண்ணு இது?" என்றார் சின்னம்மா. அதை நான் இங்கிலீஷில் சொல்லவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். நாங்கள் எதற்காக வந்திருக்கிறோம் என்பதும் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மேசை மேலிருந்த தாள்களைக் காட்டி, இறந்தது தன் அம்மா இல்லை, கதையில் வரும் பெண்ணின் அம்மா என்றார். தன் அம்மா போய்ப் பல வருஷம் ஆயிற்றாம். என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

பெண்களிடம் அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அட மனுசா, யாரு அம்மான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா? உலைய எறக்கி வெச்சிட்டுல்ல வந்திருக்கேன்!" எதிர்வீட்டு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "இப்ப நாம தலைக்குக் குளிக்கணுமா, வேணாமாடி?" என்று அவர் கேட்டதும் என் மனைவியும் சிரித்துவிட்டாள். மேடத்துக்கு அதையும் நான் மாற்றிச் சொல்ல, அவரும் கண்ணீரோடு சிரித்தார்.

சின்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. முட்டியில் கை ஊன்றி எழுந்தார். "கதையோ நெசமோ, நான் அழுதது அழுததுதான். டேய், இந்தம்மாகிட்ட சொல்லு. எழுதறது அது கையிலதானே இருக்கு? அந்தக் கெழவிக்கு ஒரு வாய் கஞ்சியாச்சும் குடுக்கச் சொல்லு." போய்வருகிறேன் என்று சொல்லாமலே படியிறங்கிப் போனார். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் காரை பள்ளங்களுக்குப் போகும் வழியில் மேடம் கேட்டார். சாவு விசாரிக்க வருகிறவர்கள் ஏன் சாப்பாட்டைக் கேட்கிறார்கள்?

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். என் அம்மா இறந்தபோது நான் குவைத்தில் இருந்தேன். வர முடியவில்லை. போனில் என் தம்பியிடம் இதே கேள்விகளைத்தான் கேட்டேன். காலையில் அரை இட்லி, சாயங்காலம் இளநீர், அதில் பாதியை வேண்டாமென்று தள்ளினார், அண்ணி மடியில் தலை இருந்தது என்று அவன் சொன்னான். திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அந்தப் பாதி இளநீர் தெரிந்த பிறகுதான் அவர் போனதை என்னால் நம்ப முடிந்தது. கூட இல்லாதவனுக்கு அதுதான் கிடைக்கும். அதற்காகத்தான் கேட்கிறார்கள்.

மேடம் கொஞ்ச தூரம் போனதும் வண்டியைத் திருப்பச் சொன்னார். பள்ளங்களைப் பார்க்காமலே வீட்டுக்கு வந்தோம்.

அன்றிலிருந்து காப்பிகூடச் சில நாள் ஆறிப்போய்க் கிடந்தது. மொட்டை மாடியில் படிக்கும் சத்தம் மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒரே இடத்தில் நின்று நின்று திரும்பப் படிப்பார். இப்போது குழாயில் தண்ணீர் விழுவது போல நிற்காமல் ஓடியது. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் அன்றைக்கு அழ வந்த மூன்று பெண்களையும் மேலே கூப்பிட்டு உட்கார வைத்து, கடைசிப் பகுதியைப் படித்தார். ஒவ்வொரு பத்தியாக நான் தமிழில் சொன்னேன். லாட்ஜ் அறையில் மகள் போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி மறுமுனையில் சொல்கிறாள். முந்தின நாள் நான் கொண்டுபோய்க் கொடுத்த சூப்பில் உன் அம்மா பாதிதான் குடித்திருந்தாள், மீதியை மறுநாளைக்கென்று தட்டு போட்டு மூடி வைத்திருந்தாள், விழுந்து கிடந்தவளின் கண்ணை நான்தான் மூடினேன் என்கிறாள். மகள், அந்தத் தட்டு என்ன நிறம் என்று கேட்கிறாள். அந்த இடத்தில் மீதியைச் சொல்ல முடியாமல் தண்ணீர் குடிக்கப் போனேன்.

புத்தகம் அச்சாகிவிட்டது என்று போன வாரம் போன் செய்தார். நிறையப் பேர் அந்தக் கடைசிப் பகுதியைப் பற்றி எழுதுகிறார்களாம். அடுத்த நாவலைத் தொடங்கிவிட்டேன் என்றும் சொன்னார். சின்னம்மா அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். போனைப் பிடுங்காத குறையாக, "அவுங்கள்ட்ட நல்லா எழுதியிருக்காங்கன்னு சொல்லுடா" என்றார். சொன்னேன். மேடம், இதுவரை வந்ததிலேயே பெரிய பாராட்டு இது என்றார். அதையும் மாற்றிச் சொன்னேன். சின்னம்மா தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

வாலிகண்டபுரம்,
கார்த்திகை 14, ஞாயிற்றுக்கிழமை.