டத்தோவுக்காக நிற்காத விண்வெளி நிலையம்

என் வீட்டுக்காரர் தர்மேந்திரனுக்கு எப்போதும் எதன் மேலாவது கோபம் இருக்கும். அரசியல்வாதி மேல் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் மேல் இல்லை. கம்ப்யூட்டர் மேல், ராக்கெட் மேல், விண்வெளிப் படம் எடுக்கிறவர்கள் மேல். கல்யாணமாகி வந்த புதிதில் இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. அம்மாவுக்குப் போன் போட்டு, "நல்ல பையன்னு சொல்லித்தானே கட்டி வச்சீங்க? ஒரு எட்டு தஞ்சோங் ரம்புத்தான்ல விசாரிச்சிருக்கலாம்ல?" என்று கேட்டேன். பெரிய மனநல மருத்துவமனை இருக்கிற ஊர் அது. ஈப்போவில் யாராவது கிறுக்குத்தனமாகப் பேசினால் அந்த ஊர்ப் பெயரைத்தான் சொல்லுவோம். அம்மா சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். அவருக்கென்ன, கேட்கிற காது என்னுடையதுதானே!

ஈப்போவில் ஒரு பேரங்காடியின் மாடியில் இவர் லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்கள் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விட முடியாது, பேச்சையும் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். "படமெல்லாம் கிளவுட்ல இருக்கு அண்ணே, பரவால்ல," என்று யாராவது வாயைக் கொடுத்தால் தீர்ந்தது.

"மேகமாவது மழையாவது! எவனோ ஒருத்தன் வீட்டு கம்ப்யூட்டர்ல இருக்கு லா. நாளைக்கு அவனுக்கு மனசு மாறுனா ஒங்க பிள்ள பொறந்தநாள் படமெல்லாம் ரோட்டுல."

லேப்டாப்பைத் திறக்க முடியாதபடி பசை போட்டு ஒட்டுகிறவர்களை அவர் திட்டுகிற திட்டை இங்கே எழுத முடியாது. "முன்ன ஸ்க்ரூ வச்சிருந்தான், மரியாதையா இருந்திச்சி. தொறக்கக் கூடாதுன்னா அத ஏன்டா என்கிட்ட விக்கிற?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் புதிய ஏஐ மேலும் அதே எரிச்சல். "எதக் கேட்டாலும் பதில் சொல்லுது புனிதா, தெரியாதுன்னு மட்டும் சொல்லத் தெரியல. நம்ம மகேந்திரன் மாதிரி." மகேந்திரன் அண்ணன் இவருடைய சிறுவயதுக் கூட்டாளி. ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன், அவர்மேல் எனக்கும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

சினிமாவுக்குப் போனால் அதைவிட மோசம். விண்வெளியில் ஒரு கப்பல் வெடிக்கிறது, தியேட்டரே அதிர்கிறது. இவர் என் காதைக் கடிக்காத குறையாக, "காத்தே இல்லாத எடத்துல சத்தம் எப்படி வரும்?" என்கிறார். முன்வரிசைச் சீனக் கிழவி திரும்பி முறைக்கிறாள். வேற்றுக்கிரகத்துக்காரன் ஏன் எப்போதும் அமெரிக்காவிலேயே இறங்குகிறான் என்பது இன்னொரு குறை. "கோப்பெங்ல எறங்குனா என்ன? ஈயம் தோண்டுன குட்டை அவ்வளவு கெடக்கு, தண்ணியிலயே எறக்கலாம்." அந்தக் கப்பல்களில் தரையை யார் கூட்டுகிறார்கள், கக்கூஸ் அடைத்துக்கொண்டால் யார் வருகிறார்கள் என்று ஒரு கதைக்காரனும் எழுதுவதில்லையாம். உண்மைதான், ஆனால் இதைக் கேட்கவா ஒருத்தி டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் உட்காருவாள்?

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேசியது என்னைத் தைத்தது. செவ்வாய்க் கிரகத்தில் ஆட்களைக் குடிவைக்கப் போகிறார்களாம் என்று செய்தியில் வந்தபோது, நான் சோற்றைப் பரிமாறிக்கொண்டே "நல்லதுதானே" என்றேன்.

"என்னா நல்லது? வீடு கம்பெனி வீடு, தண்ணி கம்பெனி தண்ணி, சுவாசிக்கிற காத்தும் கம்பெனிக் காத்து. புடிக்கலன்னா கப்பலேறித் திரும்பி வர முடியாது. இது எஸ்டேட்டு லா! விடியக்காலையில பெரட்டுக்கு மணியடிச்சி ஆள் எண்ணுவான் பாரு. எங்க தாத்தா பாக்காத செவ்வாயா?"

எதிரே உட்கார்ந்திருந்த என் மாமனார் பழனியப்பன் அப்போதும் அசரவில்லை. "போவட்டும் பாப்போம்," என்றார்.

மாமா கோப்பெங் பக்கம் சின்னப்பாலத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். தோட்டத்தை விற்று, மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்குச் செம்பனை போட்ட பிறகு எங்களோடு ஈப்போவுக்கு வந்துவிட்டார். மனிதன் வானத்தில் போய் இருக்கிறான் என்று யார் சொன்னாலும் நம்பமாட்டார். எல்லாம் ஸ்டூடியோவில் எடுத்த படம் என்பது அவர் கட்சி. அப்பனுக்கும் பிள்ளைக்கும் முப்பது வருஷச் சண்டை இது.

"மேல இருந்தா கீழ விழ மாட்டானா?"

"விழுந்துகிட்டேதான்பா இருக்கான். விழற வேகத்துக்குப் பூமியும் வளைஞ்சி வளைஞ்சி போவுது. அதான் தரைக்கு வராம சுத்துறான்."

"விழறவன் விழுந்துட்டுப் போறான், நீ சோத்தத் தின்னு."

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். மாமாவின் கண் கெட்டுப்போனதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. கண்ணுக்குள் பிரஷர். வலி இல்லாததால் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. கதவு நிலையில் இரண்டு முறை இடித்துக்கொண்ட பிறகுதான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். பக்கவாட்டுப் பார்வை முழுக்கப் போய்விட்டது, குழாய்க்குள் பார்ப்பதுபோல் நடுவில் கொஞ்சம்தான் மிச்சம் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். இருப்பதைக் காப்பாற்றத்தான் ஆபரேஷன், ஆனால் இந்த நிலைமையில் அதுவும் போய்விடலாம், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாமா காலையில் கண்ணைத் திறந்ததும் முதலில் தன் கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொள்வார்.

மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்தில் இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். "ஆபரேஷனுக்கு முன்ன அப்பா அந்த ஸ்டேஷன ஒரு தடவ கண்ணால பாத்துரணும் புனிதா. நான் சொல்லி நம்ப வேணாம். அவரே பாக்கணும்," என்றார். விண்வெளி நிலையம் நம் ஊர் வானத்தைக் கடக்கும் மாலைகள் உண்டு. பெரிய நட்சத்திரம் போல வெறும் கண்ணுக்கே தெரியும். அது வருகிற நேரம் அவர் போனில் விநாடி சுத்தமாக இருக்கும்.

விநாடி சுத்தமாக இருந்து என்ன செய்ய? ஈப்போவில் சாயங்காலமானால் மழை. இல்லாவிட்டால் மேகம். மேகம் இல்லாத ஒரே நாளில் எதிர் அடுக்குமாடி மறைத்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் மாமாவைக் கைப்பிடித்து மாடிக்கு ஏற்றி, ஏமாந்து, இறக்கிக் கூட்டி வருவோம். "என்னடா, ஒன் கப்பலுக்கு இன்னிக்கும் லீவா?" என்பார் மாமா. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த நேரத்தைப் போனில் தேடுவார்.

ஆபரேஷனுக்கு முந்தின சனிக்கிழமை சின்னப்பாலத் தோட்டத்து மக்களின் ஒன்றுகூடல் வந்தது. எங்கெங்கோ சிதறிப்போனவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை அங்கே தமிழ்ப்பள்ளியில் கூடிச் சாப்பிட்டுக் கலைவார்கள். மகேந்திரன் அண்ணன்தான் செயலாளர். இந்த வருஷம் வயதில் மூத்த தொழிலாளி என்று மாமாவுக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. அன்றைக்கே எட்டு மணி தாண்டி விண்வெளி நிலையம் நேர் தலைக்கு மேல் வருகிறது! பள்ளித் திடலோ நல்ல இருட்டு. வானமும் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. இவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது தெரியுமா?

ஆறு மணி நிகழ்ச்சிக்கு ஆறு மணிக்கே போய் உட்கார்ந்த ஒரே குடும்பம் நாங்கள்தான். இவர் நேராக மகேந்திரன் அண்ணனிடம் போனார். "மச்சான், அப்பாவுக்கு மொதல்ல பொன்னாடையப் போட்டு எறக்கி விட்டுரு. எட்டு மணிக்கு அவரு திடல்ல நிக்கணும்."

"அது எப்படி மச்சான்? டத்தோ கையால போட்டாத்தானே மரியாத! டத்தோ ஜாலான்ல, வழியிலதான் இருக்காரு, வந்துருவாரு."

அரசாங்கம் கொடுத்த டத்தோ பட்டத்தோடு சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டிருந்த அந்தப் பெரிய மனிதர் ஏழரைக்கு வந்தார். உருமி மேளம் முழங்க வாசலிலிருந்து மேடை வரைக்கும் ஊர்வலம். மாலை, சந்தனம், ஆரத்தி. மாலை போட்டவர்களுக்கு மாலை. பிறகு வரவேற்புரை, அதற்கு நன்றி, பிறகு டத்தோவின் உரை. ஒற்றுமையைப் பற்றிப் பேசினார், கல்வியைப் பற்றிப் பேசினார், தாம் சிறுவனாக இருந்தபோது சைக்கிளில் போனதைப் பற்றிப் பேசினார். எனக்கே அந்தச் சைக்கிளைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போல இருந்தது. இவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து போனைப் பார்ப்பதும் மேடையைப் பார்ப்பதுமாக இருந்தார். எழுந்துபோய் மறுபடியும் கெஞ்சினார்.

மகேந்திரன் அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மச்சான், அந்த ஸ்டேஷனக் கொஞ்சம் லேட்டா வரச் சொல்ல முடியாதா லா?" என்றார். சத்தியமாக விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"மணிக்கு இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர்ல வருது மச்சான். அதுல பிரேக் இல்ல!"

அண்ணன் என்ன புரிந்துகொண்டாரோ, மைக்கில் அறிவிப்பு வந்தது: "விருந்துக்குப் பிறகு அனைவரும் விண்வெளி நிலையத்தைக் கண்டுகளிக்கலாம்." கூட்டம் கைதட்டியது. என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

எட்டு மணிக்குத்தான் மாமாவை மேடைக்கு அழைத்தார்கள். மூத்தவர்கள் வரிசையாக நாற்காலியில். டத்தோ ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தி, ஒவ்வொருவரோடும் நின்று படம் எடுத்து, படம் சரியில்லை என்று மறுபடி எடுத்து... மாமாவின் தோளில் ஆடை விழுந்ததும் இவர் வெளியே ஓடினார். திரும்பி வந்தபோது முகமே மாறியிருந்தது. விறுவிறுவென்று மேடையில் ஏறி, டத்தோவுக்கும் கேமராவுக்கும் நடுவில் புகுந்து, மாமாவின் கையைப் பிடித்தார்.

"அப்பா, எந்திரிங்க. வந்திருச்சி."

"மச்சான், குரூப் போட்டோ!" என்று மகேந்திரன் அண்ணன் கத்தியது மைக்கில் எதிரொலித்தது. டத்தோ நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. ஊரே பார்க்கிறது, என் மானம் போயிற்று. ஆனாலும் செருப்பைக்கூடப் போடாமல் நானும் பின்னால் ஓடினேன்.

திடலில் ஒரு ஈ காக்காய் இல்லை. மேற்கே செம்பனைக்கு மேலே அது ஏறி வந்துகொண்டிருந்தது. அவ்வளவு வெளிச்சம், அவ்வளவு நிதானம். இத்தனை வருஷம் காது புளிக்கக் கேட்ட எனக்கே ஒரு நிமிடம் மூச்சு நின்றது. இவர் மாமாவின் பின்னால் நின்று, இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்து மெல்லத் திருப்பினார்.

"எங்கடா? ஒண்ணும் தெரியலையே."

"இன்னும் மேலப்பா. கொஞ்சம் இந்தப் பக்கம். மெதுவா."

"தெரியலடா... இரு, இரு. ஆங். தெரியுது!"

இவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாமா சற்று நேரம் அதன் கூடவே தலையைத் திருப்பிக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார்: "இது ஏரோப்ளேன்டா. பினாங்குக்குப் போவுது."

"அய்யோ அப்பா! சத்தம் கேக்குதா? லைட்டு மின்னுதா?"

"எனக்கென்ன காது மட்டும் நல்லாவா கேக்குது?"

ஆபரேஷனுக்கு முன் கிடைத்த ஒரே வாய்ப்பு. டத்தோவைப் பகைத்து, ஊர் வாயில் விழுந்து, கடைசியில் ஏரோப்ளேனாம்! இவர் கையை உதறிக்கொண்டு திரும்பி நின்றுவிட்டார். எனக்கு மாமாவைப் பிடித்து உலுக்கலாம் போல் ஆத்திரம். மாமா மட்டும் விடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் கடந்து கிழக்கே இறங்கத் தொடங்கியது. நடுவானத்தில் லேசாகச் சிவந்தது, மங்கியது, இல்லாமல் போய்விட்டது.

மாமா அப்படியே உறைந்து நின்றார். பொன்னாடை தோளிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது.

"டேய் தர்மா... அணைஞ்சிருச்சிடா." இரண்டு கையும் கண்ணுக்குப் போயின. "போயிருச்சிடா. கண்ணு போயிருச்சி."

இவர் ஓடிவந்து அவரைப் பிடித்துக்கொண்டார். "இல்லப்பா! கண்ணு இல்ல. அது பூமியோட நெழலுக்குள்ள பூந்துருச்சி. வெயில் பட்டாத்தான் அது தெரியும். இப்ப வெயில் படல, அவ்வளவுதான்!"

"பொய் சொல்லாதடா. என்னச் சமாதானப்படுத்தறதுக்காகச் சொல்லாத."

"சத்தியமாப்பா!"

"வேணாண்டா."

முப்பது வருஷமாக நம்பாத மனிதர். மற்ற நாளில் நம்பாவிட்டால் போகட்டும் என்று விடலாம். இன்றைக்கு நம்பாவிட்டால் அவர் குருடாகிவிட்டதாகவே நினைத்துக்கொள்வார். இவருக்குப் பேச்சு குழறியது. "புனிதா, சொல்லேன்!" என்று என்னைப் பார்த்து அலறினார்.

மாமா நான் நின்ற பக்கம் ஒரு கையை நீட்டினார். "நீ சொல்லும்மா. நீ இவன் பேச்சுக்கு ஒருநாளும் தாளம் போட்டதில்ல. ஒனக்கு இன்னும் தெரியுதா?"

"இல்ல மாமா. எனக்கும் மறஞ்சிருச்சி. நம்ம எல்லாருக்கும்தான்."

"மேகமா?"

"மேகமே இல்ல மாமா. சுத்தி நட்சத்திரமா இருக்கு."

மாமா மற்றக் கையையும் கண்ணிலிருந்து எடுத்தார். பள்ளி மண்டபத்து விளக்குப் பக்கம் மெல்லத் திரும்பினார். அந்த வெளிச்சம் கண்ணில் பட்டதும் நீளமாக ஒரு மூச்சு விட்டார். உள்ளே மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை. அது மறைந்த இடத்தைத் தேடி மறுபடியும் அண்ணாந்தார்.

"ஏரோப்ளேன் அப்படி நடு வானத்துல அணையாதேடா," என்றார்.

இவர் குனிந்து பொன்னாடையை எடுத்து அவர் தோளில் போட்டார்.

"உள்ள ஆளு இருக்கானுங்களா?"

"இருக்காங்கப்பா. ஏழு பேரு."

மாமா இருட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இந்நேரமாச்சே," என்றார், "சாப்ட்டானுங்களா?"

எதைக் கேட்டாலும் அரைமணி நேரம் பேசுகிற என் வீட்டுக்காரர், "சாப்ட்டிருப்பாங்கப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதார்.