பச்சை டாங்கி

துடியலூரில், மேட்டுப்பாளையம் சாலையைப் பார்த்த வீட்டின் முன் அறையில் ராமுலு டிவி கேம் கடை வைத்தபோது அவருக்கு ஐம்பத்தைந்து தாண்டியிருந்தது. அவர் வேலை பார்த்த நூல்மில்லை அதற்கு முந்தைய வருடம் பூட்டியிருந்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் டீக்கடை, வாட்ச்மேன் வேலை என்று கலைந்தார்கள். ராமுலு பழைய டிவிகளையும் ஒரே ஜப்பான் கம்பெனியின் விளையாட்டு மிஷின்களையும் வாங்கி வரிசையாக வைத்ததைப் பார்த்துத் தெரு சிரித்தது.

"மில்லுச் சத்தம் இல்லாம நாயுடுவுக்குத் தூக்கம் வராதாட்ட இருக்குது" என்றார்கள்.

ஏன் என்று அவர் மனைவி கனகத்துக்கு மட்டும் தெரியும்.

மில் பூட்டுவதற்கு முந்தைய வருடம் மகன் ஆதர்ஷ் பாலிடெக்னிக்கில் தோற்றான். ஒரு நாள் ராமுலு ஷிப்ட் முடிந்து வந்தபோது அவன் டிவி முன்னால் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். ராமுலு மிஷினை வயரோடு பிடுங்கி வெளியே எறிந்தார். அது சாலை வரைக்கும் போய் விழுந்தது. ஒரு பஸ் அதன்மேல் ஏறிப் போயிற்று. ராமுலு அப்போது சொன்னதையெல்லாம் தெருவே கேட்டது. ஆதர்ஷ் எழுந்தான். சாலைக்குப் போனான். சில்லுகளுக்கு நடுவே கேசட்டை மட்டும் குனிந்து எடுத்தான், திருப்பிப் பார்த்தான், கீழே போட்டான். அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டான். சட்டைகூட மாற்றவில்லை.

சோமனூரில் கேட்டார்கள். பல்லடத்தில் கனகத்தின் அண்ணன் வீட்டில் கேட்டார்கள். எங்கும் இல்லை. இரண்டு வருடம் கழித்துச் சொந்தக்காரர் ஒருவர், மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் அவனைப் போல ஒருவனைப் பார்த்ததாகச் சொன்னார். அவனாகத்தான் இருக்கும் என்று ராமுலு முடிவு செய்துவிட்டார். அவன் இந்தச் சாலையில் போய் வருகிறான். பார்க்கிறமாதிரி ஒன்று இங்கே இருந்தால் இறங்குவான்.

கடை அதற்காகத்தான். போர்டும் அதற்காகத்தான். ஆனால் போர்டில் என்ன வரைவது என்று அவருக்குத் தெரியவில்லை.

போர்டு எழுதும் பாலுசாமி வந்து தகரத்தில் வெள்ளை அடித்துவிட்டுப் போயிருந்தார். "என்ன படம்னு சொல்லியனுப்புங்க, வாரேன்" என்றார். ராமுலு கடைக்கு வருகிறவர்களைக் கேட்டார்.

"இந்தக் கம்பெனின்னா எந்த ஆட்டமுங்க? ஒண்ணே ஒண்ணு. பாத்த உடனே தெரியோணும்."

அன்று ஆரம்பித்த சண்டை மாதக்கணக்கில் ஓடியது.

பேங்க்கில் கிளார்க்காக இருந்த கிருபாசங்கர் இங்கிலீஷ் பத்திரிகை படிப்பவன். காளான் தின்று பெரிதாகிற மீசைக்கார ஆள்தான் என்றான். "ஜப்பான்ல அந்தக் கம்பெனின்னாலே அந்த மூஞ்சிதானுங்க. வேற பேச்சே இல்லை."

பம்ப்செட் கம்பெனியில் லேத் ஓட்டிய கதிர்வேலுக்கு இரண்டு பேர் சேர்ந்து சுடுகிற துப்பாக்கி ஆட்டம். "சப்பான்ல இருக்கறவனா இங்க வந்து ஆடப் போறான்? இங்க வாரவனெல்லாம் என்னத்தைக் கேக்கறான்? துப்பாக்கி குடுங்கங்கறான்."

"அது அந்தக் கம்பெனி ஆட்டமே இல்லீங்க, கதிரு. வேறொருத்தன் செஞ்சது. இவன் மிஷின்ல ஓடுது, அவ்வளவுதான்."

"எங்க கம்பெனிப் பம்புக்கு வார்ப்பு ஒரு பட்டறையில, காயில் சுத்தறது கணபதிப் பக்கம். தகட்டுல அடிக்கறது எங்க மொதலாளி பேரு. தோட்டத்துல தண்ணி கொட்டுனா நீங்க எவன் பேரைச் சொல்லுவீங்க?"

கிருபாசங்கர் வாயைத் திறப்பதற்குள் லாரி டிரைவர் அப்துல் முத்தலிப் மோட்டார் பைக் ரேஸில் இருந்து கண்ணை எடுக்காமல், "ரோடுதாங்க கம்பெனி. ரோட்டைப் போடுங்க" என்றார்.

"நாளெல்லாம் வண்டி ஓட்டிப்போட்டு இங்கயும் வந்து ஓட்டறீங்களே பாய்."

"இங்க செக்போஸ்ட் இல்லீல்ல."

ராமுலு மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். ஒவ்வொருவர் பேசும்போதும் அவர் சொல்வதே சரி என்று தோன்றும். ஒரு நாள் குறுக்கே புகுந்து கேட்டார். "ஒரு ஆளு பஸ்ஸுல போறானுங்க. படத்தைப் பாத்ததும் எந்திரிச்சு, நிறுத்துங்கன்னு சொல்லோணும். எதைப் போட்டா சொல்லுவான்?"

"அது ஆளைப் பொறுத்ததுங்கண்ணா" என்றான் கதிர்வேல்.

அன்று இரவு சாப்பிடும்போது ராமுலு கனகத்திடம் கேட்டார். மகனைப் பற்றி அவர் அதுவரை அவளிடம் எதையும் கேட்டதில்லை.

"அவன் எதை ஆடுவான்?"

கனகம் ரசத்தை ஊற்றிவிட்டுச் சொன்னாள். "டாங்கிங்க. கீழ நடுவுல பருந்து இருக்கும். சுத்தி செங்கல் கட்டியிருக்கும். டாங்கிக வந்து அதைச் சுட வரும். இவன் காப்பாத்தோணும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அடுப்படிக்குச் சத்தம் கேக்குமில்லீங்க."

மறுநாள் பாலுசாமிக்கு ஆள் போயிற்று. செங்கல் சுவருக்குள் பருந்து, அதன் முன்னால் மஞ்சள் டாங்கி. கிருபாசங்கருக்கு மனம் ஆறவில்லை. "இதுவும் அந்தக் கம்பெனியோடது இல்லீங்கண்ணா. வெவரம் தெரிஞ்சவன் பாத்தாச் சிரிப்பான்."

"சிரிக்கட்டும்" என்றார் ராமுலு. "ஒருத்தன் சிரிச்சாப் போதும்."

"பேரு என்னங்க எழுதறது?" என்றார் பாலுசாமி, தூரிகையைத் துடைத்தபடி.

"பேரு வேண்டாம்."

"பேரில்லாம போர்டா?"

"பேரைப் பாத்தா எறங்க மாட்டான்" என்றார் ராமுலு. யார் என்று பாலுசாமி கேட்கவில்லை. 'வீடியோ கேம்ஸ்' என்று மட்டும் எழுதிக் கையைக் கழுவிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ராமுலு சாலையைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பஸ் வந்தால் ஜன்னல்களைப் பார்ப்பார். கூட்டம் இல்லாத மத்தியானங்களில் டாங்கி கேசட்டைப் போட்டு அவரே ஆடிப் பார்த்தார். முதலில் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மில்லில் அறுந்த நூலை ஓட்டத்திலேயே பிடித்து முடிச்சுப் போட்ட விரல்கள். கொஞ்ச நாளில் பழகிக்கொண்டன. தன் டாங்கியின் குண்டே பருந்தைச் சுட்டுவிடும் என்பதை ஆடித்தான் தெரிந்துகொண்டார். செங்கல் உடைந்திருந்தது, அவர் அவசரத்தில் திரும்பிச் சுட்டார், ஆட்டம் முடிந்துவிட்டது. எதிரி பக்கத்தில்கூட இல்லை. அன்றைக்கு அவர் மறுபடி ஆடவில்லை.

கடைக்கு வருகிறவர்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. தோற்றவனிடம், "அந்த மூலையில விட்டுப்போட்டீங்க கண்ணு, அக்கட்டத் திரும்பியிருக்கோணும்" என்பார். யாரையும் சத்தம் போட்டதில்லை. மில்லில் அவரை அறிந்தவர்கள் இதைக் கேட்டு நம்பவில்லை.

வருடங்கள் போயின. தகரத்தில் மஞ்சள் வெளுத்தது. கதிர்வேலுக்குக் கல்யாணம் ஆயிற்று. கிருபாசங்கருக்கு மாற்றல் வந்து ஈரோடு போனான். லீவில் வந்தால் அதே சண்டை. முத்தலிப் மட்டும் வடக்கே போய்த் திரும்பும்போதெல்லாம் வந்தார். ஒரு சாயங்காலம் உள்ளே நுழையும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

"அண்ணா, உங்க போர்டு பூனா வரைக்கும் போயிருச்சுங்க."

கதிர்வேல், "போர்டு இங்கதானுங்களே தொங்குது பாய்" என்றான்.

"கேளப்பா. பூனா தாண்டி ஒரு ஓட்டல்ல சாப்பிட்டுட்டு இருந்தேன். பக்கத்துக் கயித்துக் கட்டில்ல ஒரு டிரைவர் நம்மூரு பேச்சு பேசறான். எந்த ஊருன்னா துடியலூருங்கறான். அட, அங்க டாங்கி போட்ட கேம் கடை தெரியுமான்னேன். அவன் சாப்பிடறதை நிறுத்திப்போட்டான். பஸ்ஸுல போறப்போ பாத்தனுங்க, அது எங்கூடுதான்னான்."

ராமுலு எழுந்து நின்றார்.

"உங்கூடானா ஏன் எறங்கிப் பாக்கலைன்னேன். வித்துப்போட்டுப் போயிட்டாங்க, வேற யாரோ இருக்காங்கன்னான். எப்படித் தெரியும்னேன். எங்கப்பனுக்கு அந்த மிஷினை எந்தப் பக்கம் பிடிச்சு எறியறதுன்னுதான் தெரியும், டாங்கி எல்லாம் தெரியாதுங்கறான்." முத்தலிப் தொடையைத் தட்டிச் சிரித்தார். "நானும் சொன்னேன், ஆமாப்பா, இப்ப இருக்கற பெரியவரு தங்கமான மனுசன், கூட உக்காந்து ஆடுவாரு, ஒரு சொல்லு அதட்ட மாட்டாருன்னு. அப்படியா, நல்லவங்க கையில போச்சேன்னு சொன்னான்."

கதிர்வேல் சிரிக்க வாயைத் திறந்தவன் ராமுலுவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

"ஒல்லியா இருந்தானுங்களா?" என்றார் ராமுலு.

"லாரி ஓட்டறவன் எவனுங்க குண்டா இருக்கான்?"

"சாப்பிட்டு முடிச்சானுங்களா?"

முத்தலிப் யோசித்தார். "இல்லீங்க. பாதித் தட்டை அப்படியே வெச்சுட்டுக் கை கழுவப் போனான். என்னோட வண்டிக்கு லோடு ரெடின்னு கூப்பிட்டாங்க, வந்துட்டேன்."

"வண்டி நம்பரு, கம்பெனி ஏதாச்சும்…"

"பாக்கலீங்களேண்ணா." முத்தலிப்பின் சிரிப்பு நின்றிருந்தது. "ஏனுங்க? தெரிஞ்ச பையனா?"

கதிர்வேல் முத்தலிப்பின் தோளைத் தொட்டு வெளியே கூட்டிப் போனான்.

உள் கதவருகே கனகம் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"பேரு எழுதியிருக்கோணும்" என்றார் ராமுலு. "எம்பேரைப் பெரிசா எழுதியிருக்கோணும். பாலுசாமி அன்னைக்கே கேட்டான்."

கனகம் கடைக்குள் வந்தாள். கடை வைத்த நாளிலிருந்து ஆள் இருக்கும்போதும் இல்லாதபோதும் அவள் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. ஒரு டிவிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்தாள். டாங்கி கேசட்டைத் தேடி எடுத்து மிஷினில் செருகினாள். இரண்டாம் ஆளுக்கான பொத்தான் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"பேரு இல்லீங்க" என்றாள். "பச்சை டாங்கியை வரைஞ்சிருக்கோணும். மஞ்சள் அவன். பச்சை நானு. நீங்க மில்லுக்குப் போனதும் ரெண்டு பேரும் ஆடுவோம். அதைப் பாத்திருந்தா, உள்ள இருக்கறது யாருன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"ஏன் சொல்லலை?"

"அன்னைக்கு நீங்க எறிஞ்சப்பவும் நான் சொல்லலை. அப்பவே சொல்லியிருந்தா என்னையும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பீங்க. அவன் ஒருத்தனே வாங்கிட்டுப் போயிட்டான்."

வெளியே ஒரு பஸ் போயிற்று. ராமுலு ஜன்னல்களைப் பார்க்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதல் கட்டையை எடுத்தார்.

ஆட்டம் தொடங்கியது. மஞ்சள் டாங்கி மேலே போயிற்று. பச்சை டாங்கி கீழேயே, செங்கல் சுவருக்குப் பக்கத்தில் நின்றது. அசையவில்லை. ராமுலு அவள் விரல்களைப் பார்த்தார். எந்தப் பொத்தான் எங்கே என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

"நீயும் வா" என்றார்.

"இல்லீங்க" என்றாள் கனகம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் சுட்டா பருந்துமேல பட்டுருமாம். இங்கயே நின்னுட்டிருக்கச் சொல்லுவான்."