அலுமாரிக்குள் வயலின்

“...கடற்காத்துப் பட்டால் கம்பியெல்லாம் கறள்பிடிச்சிடும், ரீச்சர். அதுதான் வயலினை அலுமாரிக்குள்ளை வச்சுப் பூட்டியிருக்கிறன்.”

கடற்கரையோரக் கரம்பொன் இசைப்பள்ளிக் கொட்டிலில் இப்படிச் சொன்னவர் உப்பில் கறுத்த தோள்களுள்ள ஒரு கடற்றொழிலாளி. மகளை வகுப்புக்கு வெறுங்கையோடுதான் கூட்டிவருவார். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் மட்டும் அலுமாரியைத் திறந்து, “பிள்ளை வயலின் பழகுது” என்று காட்டிவிட்டுப் பூட்டுவார். என் மகளும் அங்கே படித்ததால் எனக்கும் ஒருமுறை அந்தத் தரிசனம் கிடைத்தது.

“வாற கிழமை சோதினை. தொடாமல் எப்பிடி வாசிக்கிறது?” என்றார் ரீச்சர். “உங்கடை வள்ளத்தையும் அலுமாரிக்குள்ளையோ வச்சிருக்கிறியள்?”

முதலில் சிரித்தது அவருடைய மகள்தான். மனிதர் நேரே வீட்டுக்குப் போய், வயலினைப் போர்வையில் சுற்றித் தூக்கிவந்து மகளிடம் கொடுத்தார்.

“வாசி பிள்ளை” என்றவர், போட்டிருந்த சேட்டைக் கழற்றிக் கடற்பக்க வாசலில் விரித்துப் பிடித்தபடி, வகுப்பு முடியும்வரை காற்றை மறித்து நின்றார்.